கடைச் சாவி உங்களிடமே இருக்கட்டும்

பீவர்ட்டன், ஓரிகன்
அக்டோபர், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நலம். உங்கள் நலமும் அம்மாவின் நலமும் அறிய ஆவல். தாத்தாவின் மளிகைக் கடையை வாடகைக்குக் கேட்டு ஆள் வந்திருப்பதாகவும், உள்ளே கிடப்பவற்றை எடைக்குப் போட்டுவிட்டுச் சாவியைக் கொடுத்துவிடப் போவதாகவும் சென்ற வாரம் தொலைபேசியில் சொன்னீர்கள். எனக்கு உடனே பதில் வரவில்லை. வாய்ப்பேச்சில் உங்களை நான் என்றைக்கும் ஜெயித்ததில்லை என்பதால் எழுதுகிறேன்.

பீவர்ட்டனில் மழைக்காலம் தொடங்கிவிட்டது. இனிச் சித்திரை வரைக்கும் வானம் சாம்பல் நிறந்தான். அதனால் நேற்று விடியற்காலையில் காரை எடுத்துக்கொண்டு, மலைத்தொடரைத் தாண்டி, மழையே அதிகம் பெய்யாத கிழக்கு ஓரிகனுக்குப் போனேன். ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால் ஜான் டே என்றொரு ஊர் வருகிறது. மக்கள்தொகை இரண்டாயிரத்துக்கும் குறைவு. நம் ஊர்ச் சந்தையில் ஒரு வெள்ளிக்கிழமை அதைவிடக் கூட்டம் இருக்கும். நான் அங்கே போனது ஒரே ஒரு கடையைப் பார்க்கத்தான்.

கடையின் பெயர் காம் வா சங். செழிப்பின் பொற்பூ என்பது போல அதற்குப் பொருள் சொல்கிறார்கள். 1862-இல் அருகிலிருக்கும் கேன்யன் ஓடையில் தங்கம் கிடைத்ததும், மண்ணை அரித்துப் பிழைக்கச் சீனர்கள் பெருந்திரளாக வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு அரிசியும் தேயிலையும் மருந்தும் விற்ற கடை இது. 1880-களின் பிற்பகுதியில் இதை எடுத்து நடத்தத் தொடங்கியவர்கள் இங் ஹே, லுங் ஆன் என்ற இரண்டு கூட்டாளிகள். லுங் ஆன் ஆங்கிலத்தில் சமர்த்தர், வியாபாரம் அவர் பொறுப்பு. இங் ஹே வைத்தியர். நம் பக்கத்து வைத்தியர்களைப் போலவே நாடி பிடித்துத்தான் நோயைச் சொல்வாராம். தந்தையோடு அமெரிக்கா வந்தவர் அவர். தந்தை ஊர் திரும்பிவிட, மகன் இங்கேயே தங்கிவிட்டார். இதைக் கேட்டபோது உங்கள் ஞாபகம் வந்தது என்பதை மறைக்கவில்லை.

கட்டடம் சிறியது. கல்லால் கட்டிய சுவர், சின்னச் சின்ன ஜன்னல்கள், அவற்றுக்கு இரும்புக் கதவுகள். வாசற்கதவில் துப்பாக்கிக் குண்டு பட்ட தடங்களைக் காட்டினார்கள். சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் வருவதைத் தடுக்கும் சட்டம் 1882 முதல் 1943 வரை இங்கே இருந்திருக்கிறது என்பதை வைத்துப் பார்த்தால், அந்த ஜன்னல்களை ஏன் அவ்வளவு சின்னதாக வைத்தார்கள் என்று யாரும் விளக்கத் தேவையில்லை. விசாத் தாள் வர இரண்டு மாதம் தாமதமானதற்கு நான் உங்களிடம் புலம்பித் தீர்த்தேனே, அதை நினைத்து அந்தக் கதவுக்கு முன்னால் கொஞ்சம் வெட்கப்பட்டேன்.

உள்ளே வழிகாட்டி இல்லாமல் விடுவதில்லை. சிறு குழுவாகத்தான் அழைத்துப் போகிறார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. விட்டமும் கூரையும் பல ஆண்டு அடுப்புப் புகையும் ஊதுவத்திப் புகையும் படிந்து கறுத்திருக்கின்றன. அதை யாரும் சுரண்டி வெள்ளையடிக்கவில்லை. அலமாரிகளில் தகர டப்பாக்கள் விற்பனைக்கு வைத்தபடியே நிற்கின்றன. மருந்தறைக்கு வந்ததும் என் கால் நகரவில்லை. தரையிலிருந்து கூரைவரை பெட்டிகள், ஒவ்வொன்றின் முகத்திலும் சீன எழுத்தில் ஒட்டிய சீட்டு. ஐந்நூறுக்கும் மேற்பட்ட மருந்துச் சரக்குகள் இருந்தனவாம். வேர், பட்டை, கரடிப் பாதம் உட்பட. தாத்தா கல்லாவுக்குப் பின்னால் அதிமதுரத்துக்கும் சித்தரத்தைக்கும் திப்பிலிக்கும் வைத்திருந்த சின்ன இழுப்பறைகளைத்தான் நான் பார்த்துக்கொண்டிருப்பதாக ஒரு நிமிடம் தோன்றியது. அவற்றிலும் அவர் கையால் எழுதி ஒட்டிய சீட்டுகள் இருக்கின்றன. ‘கடுக்காய்’ என்பதில் காலெழுத்தை நீட்டி, கீழே வளைத்து விட்டிருப்பார்.

இந்தக் கடை எப்படித் தப்பியது என்பதைத்தான் நீங்கள் முக்கியமாகக் கேட்க வேண்டும். லுங் ஆன் 1940-இல் இறந்துபோனார். சீனாவில் விட்டுவந்த மனைவியையும் மகளையும் பார்க்க அவர் திரும்பிப் போகவே இல்லை. வரச் சொல்லி வீட்டார் எழுதிய கடிதங்கள் கடையிலேயே கிடைத்திருக்கின்றன. இங் ஹே தனியாக நடத்தி, 1948-இல் இடுப்பெலும்பு முறிந்து போர்ட்லாண்டுக்குச் சிகிச்சைக்குப் போனார். போகும்போது கதவைப் பூட்டிவிட்டுப் போனார், அவ்வளவுதான். 1952-இல் இறக்கும்வரை திரும்பி வரவில்லை. அருங்காட்சியகமாக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கட்டடம் பிறகு நகராட்சிக்குக் கொடுக்கப்பட்டது. நகராட்சியோ அப்படியொரு சொத்து தன்னிடம் இருப்பதையே மறந்துவிட்டது. 1967-இல் பூங்கா அமைக்க நிலம் அளந்தபோதுதான் தெரியவந்து, பூட்டைத் திறந்திருக்கிறார்கள். உள்ளே எல்லாம் வைத்தது வைத்தபடி. 2005-இல் அதைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார்கள். கூட்டிக் கழித்துப் பார்த்தால், இருபது வருடம் யாரும் அக்கறைப்பட்டுச் சுத்தம் செய்யாததே அந்தக் கடைக்குக் கிடைத்த பெரிய பாக்கியம்.

வைத்தியரின் கட்டிலுக்கு அடியில் சுமார் 23,000 டாலருக்கான காசோலைகள் கிடைத்தனவாம். நோயாளிகள் கொடுத்தவை, வங்கியில் போடவே இல்லை. இல்லாதவர்கள் கொடுத்த தாளைக் காசாக்க அவருக்கு மனம் வரவில்லை என்று அந்த ஊரில் சொல்கிறார்கள். நம் கடையில் தாத்தாவின் பாக்கி நோட்டுகள் எத்தனை இருக்கின்றன என்று நீங்கள் எண்ணியதுண்டா? பெயருக்கு எதிரே ‘பிறகு’ என்று மட்டும் எழுதி, தொகையை அடித்துவிட்ட பக்கங்கள் ஏராளம். பள்ளி விடுமுறையில் அவற்றைக் கூட்டிப் பார்க்கச் சொல்லி என்னை உட்கார வைத்தவர் நீங்கள்தான். எடைக்குப் போட்டால் அந்த நோட்டுகளுக்குக் கிலோவுக்கு என்ன தருவார்கள்?

கடையை அருங்காட்சியகமாக்கப் போகிறேன் என்று நான் மார்தட்டவில்லை. அதற்குப் பணமும் ஆளும் வேண்டும், நான் இருப்பது பதின்மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். என் கோரிக்கை சிறியது: நான் தை மாதம் வரும்வரை எதையும் இடம் மாற்ற வேண்டாம். படிக்கல்லைத் தனியாகவும் தராசைத் தனியாகவும் பார்த்தால் அவை பழைய இரும்பு. இரண்டும் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில், அந்த எண்ணெய்க் கறை படிந்த பலகைமேல் இருந்தால்தான் அது கடை. ஜான் டேயில் நான் பார்த்துத் தெரிந்துகொண்டது இதுதான்.

மூட்டைகளில் மிச்சமிருக்கும் தானியத்தை மட்டும் தயங்காமல் அப்புறப்படுத்துங்கள். எலி வந்தால் எதுவும் மிஞ்சாது. சாக்குகள் இருக்கட்டும். பேரேடுகளைத் தரையிலிருந்து தூக்கி, பழைய வேட்டியில் சுற்றி, வசம்பும் நொச்சி இலையும் போட்டு மேல் தட்டில் வையுங்கள். தென்மேற்கு மூலையில் கரையான் ஏறிய தடம் முன்பே இருந்தது. அதற்கு முன்னால், தம்பியின் கைபேசியில் ஒவ்வொரு அலமாரியையும் இடமிருந்து வலமாகப் படமெடுக்கச் சொல்லுங்கள். எந்தச் சீட்டு எந்த இழுப்பறையில் ஒட்டியிருந்தது என்று பின்னால் நம்மால் சொல்ல முடியாது.

வாடகைக்குக் கேட்டவரிடம் பொங்கல் கழித்து வரச் சொல்லுங்கள். அதுவரை அந்த வாடகைத் தொகையை மாதாமாதம் நான் அனுப்பிவிடுகிறேன். கௌரவம் பார்க்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு என் வணக்கம். ஆழாக்கும் பித்தளைப் படியும் களிம்பு பிடித்துக் கிடக்கின்றனவே என்று அவர் புளி போட்டுத் தேய்க்க உட்கார்ந்துவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்