சைபர்மேன்களைக் காப்பாற்றித் தந்தவர்களுக்கு

அன்புடையீர்,

லண்டனில் உள்ள எங்கள் நண்பர் வட்டம், பிரிட்டிஷ் அறிவியல் புனைகதை டிவி தொடரான 'டாக்டர் ஹூ'வின் 'தி இன்வேஷன்' கதையை வாரம் ஒரு பாகமாகப் போட்டுப் பார்த்து முடித்துவிட்டது. 1968 நவம்பர் 2 முதல் டிசம்பர் 21 வரை பிபிசியில் சனிக்கிழமைதோறும் வந்த எட்டுப் பாகக் கதை இது.

கூடத்தை வாடகை வாங்காமல் கொடுத்த அக்காவுக்கும், குளிரில் புரொஜெக்டரைச் சுமந்து வந்த தம்பிக்கும் நன்றி. ஆங்கிலம் பிடிபடாத பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கதையைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்த அண்ணனுக்குத் தனி நன்றி. கெவின் ஸ்டோனி நடித்த டோபியாஸ் வான்தான் எல்லோரையும் கட்டிப்போட்டான். எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி முதலாளி; தான் விற்கும் சாமான்களுக்குள் சிறு சர்க்யூட்டை ஒளித்துவைத்து, பாதி இயந்திரமாகிப்போன வேற்றுலக எதிரிகளான சைபர்மேன்கள் பூமிக்குள் நுழைய வழிசெய்கிறான். கண்ணை அதிகம் இமைக்காமல் இனிக்க இனிக்கப் பேசுவான். முன்வரிசைப் பாட்டி, "இவன் சிரிக்கிறதுதான் எனக்குப் பயமா இருக்கு" என்றார்.

அப்புறம், எங்களை அறியாத சிலருக்கும் நன்றி சொல்ல வேண்டும். அன்று வீடியோ டேப் விலை அதிகம். ஒளிபரப்பு முடிந்ததும் அழித்துவிட்டு வேறு நிகழ்ச்சிக்குப் பயன்படுத்திக்கொள்வார்கள். இந்தக் கதையில் 1, 4 பாகங்களின் படம் அப்படியே போய்விட்டது. ஒலி மட்டும் பிழைத்தது. காரணம், டிவி முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிவு செய்த ரசிகர்கள். வீட்டில் யாரும் தும்மக்கூடாது என்று எத்தனை பிள்ளைகள் கெஞ்சியிருப்பார்களோ! பிபிசி கைவிட்டதை வீட்டுக்கூடம் காத்தது.

அந்த ஒலிக்கு 2006-ல் காஸ்கிரோவ் ஹால் என்ற அனிமேஷன் நிறுவனத்தின் கலைஞர்கள் கறுப்பு வெள்ளையில் அனிமேஷன் செய்தார்கள். நடை கொஞ்சம் விறைப்புதான், இருந்தாலும் குறை சொல்ல மனம் வரவில்லை. முதல் பாகத்தில், வரவேற்பறையில் பேசும் கம்ப்யூட்டரிடம் டாக்டரோடு பயணம் செய்யும் ஸோயி விடையே இல்லாத கணக்கு ஒன்றைக் கொடுக்கிறாள்; அது திணறித் திணறி வெடித்துப்போகிறது. நாங்கள் பார்த்தது கையால் வரைந்த படம் போன்ற அனிமேஷன். ஆனால் குரல், ஸோயியாக நடித்த 1968-ன் வெண்டி பேட்பரியுடையது. கூடமே சிரித்தது.

இயக்குநர் டக்ளஸ் கேம்ஃபீல்டுக்கும் ஒரு வணக்கம். ஆறாம் பாகத்தின் முடிவில் பாதாளச் சாக்கடை மூடிகளைத் தள்ளிக்கொண்டு சைபர்மேன்கள் வெளியே வருகிறார்கள். செயின்ட் பால்ஸ் தேவாலயம் பின்னால் நிற்க, படிகளில் இறங்குகிறார்கள். கையிலிருந்தது கொஞ்சம் உடுப்புகள்தான், ஆனால் ஒரு படையே வருவதுபோல் இருந்தது. இன்றைய கிராஃபிக்ஸ் படையெடுப்புகளில் எனக்கு இந்தப் பயம் வருவதில்லை.

அடுத்து, இதே கேம்ஃபீல்டு இயக்கிய இன்னொரு 'டாக்டர் ஹூ' கதையான 'தி வெப் ஆஃப் ஃபியர்' பார்ப்பதாக இருக்கிறோம். காணாமல் போயிருந்த அதன் பெரும்பகுதி நைஜீரியாவில் கிடைத்ததாக 2013-ல் அறிவித்தார்கள். டிவிடி வைத்திருப்பவர்கள் இரவல் தந்தால் பத்திரமாகத் திருப்பித் தருவோம். போன வாரம் கூடத்தில் யாரோ விட்டுப்போன டிபன் கேரியரும் அக்காவிடம்தான் இருக்கிறது.

அன்புடன்,
நண்பர் வட்டத்தின் சார்பில்