பூட்ஸும் பெண்ட் பைப்பும்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சங்கத்தின் பராமரிப்புப் பட்டறைகள் இந்த ஆண்டு முழுவதும் ஒரே பொருளை எடுத்துக்கொண்டன: மோட்டார் சைக்கிளின் சூடான எக்ஸாஸ்ட் குழாயிலிருந்து ஓட்டுபவரின் பூட்ஸைக் காப்பது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வைக்கிறார். பட்டறைகளில் செய்து காட்டப்பட்டவற்றையும், அவற்றிலிருந்து செயற்குழு எடுத்த முடிவுகளையும் நான் வைக்கிறேன்.

சூடு எங்கே, எவ்வளவு

என்ஜின் சுமையோடு ஓடும்போது சிலிண்டரை விட்டு வெளியேறும் புகை 600 முதல் 800 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். குழாயின் வெளிச்சுவர் அவ்வளவு இருக்காது. ஆனாலும் ஒற்றைச் சுவர் பெண்ட் பைப், அதாவது என்ஜினிலிருந்து சைலன்ஸருக்கு வளைந்து போகும் குழாய், 300 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். பின்னால் போகப் போகச் சூடு குறையும் என்று நம்பி ஏமாறுகிறவர்கள் பலர். வழியில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் (புகையின் நச்சைக் குறைக்கும் பெட்டி) இருந்தால் அதற்குள் நடக்கும் வினையே வெப்பத்தைத் தரும். அந்தப் பெட்டி பெரும்பாலும் வலது குதிகாலுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. சிக்னலில் நிற்கும்போது புகையின் சூடு குறையும் என்பது உண்மை. ஆனால் குழாயைக் குளிர்விக்கும் காற்றும் நின்றுபோகும், காலும் ஒரே இடத்தில் அசையாமல் இருக்கும். சோல் உருகுவது வேகத்தில் அல்ல, நெரிசலில்.

ஸ்டெயின்லெஸ் குழாய் தன் உச்ச வெப்பத்தை நிறமாகக் காட்டும். 304 வகை எஃகு ஏறக்குறைய 290 டிகிரியில் இளமஞ்சளாகும், 390இல் பழுப்பாகும், 450இல் கருஞ்சிவப்பு கலந்த ஊதாவாகும், 540இல் நீலமாகும். கால் படும் இடத்தில் நீலம் இருந்தால் அங்கே எந்தத் தோலும் நிலைக்காது. அகச்சிவப்பு வெப்பமானியை நம்பி அளப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பளபளக்கும் உலோகம் குறைவாகவே கதிர்வீசும், ஆகவே கருவி உண்மையைவிட மிகக் குறைந்த எண்ணைக் காட்டும். குழாய் குளிர்ந்திருக்கும்போது உயர்வெப்பம் தாங்கும் மங்கல் கறுப்பு பெயிண்டை ஒரு நாணய அளவுக்குப் பூசி, காய்ந்தபின் அந்தப் புள்ளியில் அளக்க வேண்டும்.

பூட்ஸில் முதலில் போவது எது

பலர் சோல் உருகுவதைத்தான் பார்க்கிறார்கள். அதற்கு முன்பே போவது பசை. சோல் ஒட்டும் பசையைத் தொழிற்சாலையில் 60 முதல் 80 டிகிரி வரை சூடாக்கித்தான் பிடிக்க வைக்கிறார்கள். அதே சூடு குழாயிலிருந்து மறுபடி கிடைத்தால் பசை இளகி, சோலின் உள்விளிம்பு குதிகால் பக்கமாக வாய் பிளக்கும். ஒட்டியதோடு தைக்கவும் பட்ட சோல் இந்த இடத்தில் நின்றுகொடுக்கும். நடு அடுக்கில் மெத்தைபோல உள்ள இ.வி.ஏ. என்ற பிளாஸ்டிக் நுரை 100 டிகிரிக்குள்ளேயே உருக்குலைந்துவிடும். டி.பி.யு. என்ற பிளாஸ்டிக்கால் ஆன சோல் 200 டிகிரியை ஒட்டி உருகும். வல்கனைஸ் செய்த (கந்தகம் சேர்த்துச் சூட்டில் இறுக்கிய) நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் உருகாது, கருகும். தொழிலிடப் பாதுகாப்புக் காலணிகளுக்கான ஐ.எஸ்.ஓ. 20345 என்ற பன்னாட்டுத் தரத்தில் 'எச்.ஆர்.ஓ.' என்ற குறி உண்டு. 300 டிகிரி உலோகத்தோடு 60 விநாடி தொட்டிருந்தாலும் அந்தச் சோல் உருகவோ வெடிக்கவோ கூடாது என்பது அதன் பொருள். அந்தக் குறி சோலுக்கு மட்டுமே. மேல்பகுதிக்கோ, கணுக்கால் காப்புக்கோ அது எதுவும் சொல்லவில்லை. மோட்டார் சைக்கிள் ஓட்டுபவருக்கான காலணித் தரம் இ.என். 13634 என்ற ஐரோப்பியத் தரம். ஆகவே முதலில் 13634ஐப் பார்த்து வாங்குங்கள். அதில் நைட்ரைல் சோல் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள்.

தோலைப் பற்றி இதைத்தான் ஒவ்வொரு பட்டறையிலும் அழுத்திச் சொன்னோம்: நனைந்த தோல் காய்ந்த தோலைவிட வெகு குறைந்த சூட்டில் சுருங்கும். தாவரப் பதனிட்ட தோல் ஈரமாக இருக்கையில் 75 முதல் 85 டிகிரிக்குள் சுருங்கத் தொடங்கும், குரோம் பதனிட்டது 100 டிகிரியை ஒட்டி. சுருங்கியது திரும்ப விரியாது. விறைத்து, மடிப்பில் வெடிக்கும். மழையில் நனைந்த பூட்ஸை எக்ஸாஸ்ட் பக்கம் சாய்த்து உலர்த்துவது அதைக் கொல்வதற்குச் சமம். நீர் புகா பூட்ஸில் உள்ளே தையல்மேல் ஒட்டிய நாடாவும் சூட்டால் ஒட்டியதே, சூட்டால் பெயரும். நைலான், பாலியஸ்டர் மழைக்கால்சட்டைகள் குழாயைத் தொட்டதும் உருகி ஒட்டும். குழாயில் காணும் கறைகளில் பல பூட்ஸின் கறையே அல்ல.

காலை எங்கே வைக்கிறோம்

குழாயின்மேல் பொருத்தும் வெப்பக் கவசத்தை (ஹீட் ஷீல்டு) வாங்கும் முன், பூட்ஸ் குழாயைத் தொடும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். முறை எளியது. குளிர்ந்த குழாய், கவசம், கன்வெர்ட்டர் பெட்டி எல்லாவற்றிலும் சாக்பொடியைத் துணியால் தடவுங்கள். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, வழக்கமான பூட்ஸோடு உட்கார்ந்து, பிரேக் பெடலை 20 முறை மிதியுங்கள். ஒருமுறை காலை இறக்கி ஏற்றுங்கள். பூட்ஸில் வெள்ளை பட்ட இடம்தான் உங்கள் இடம். அநேகமாக அது குதிகாலின் உள்விளிம்பாக இருக்கும். நடுப்பாதத்தை ஃபுட்ரெஸ்டில் வைத்துக் கால்விரல்களை வெளியே திருப்பினால் குதிகால் தானாகவே உள்ளே போய்க் குழாயில் இடிக்கும். பாதத்தின் முன்பகுதியை, விரல்களுக்குப் பின்னுள்ள மேட்டை, ஃபுட்ரெஸ்டில் வைத்தால் குதிகால் பின்னும் மேலும் விலகும். பிரேக் பெடல் உயரம் பொருந்தாததால் காலைத் திருகி வைப்பவர்களும் உண்டு. பெடலின் நிறுத்தத் திருகைச் சரிசெய்து, பிறகு பின்பிரேக் பெடலின் வெற்று அசைவையும் (ஃப்ரீ பிளே) பிரேக் விளக்கு சுவிட்சையும் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

அடுத்தது கசிவு. சிலிண்டர் தலையோடு எக்ஸாஸ்ட் குழாய் சேரும் இடத்தில் கேஸ்கெட் (அடைப்பு வளையம்) விட்டிருந்தால் சூடான புகை ஊசிபோலப் பாய்ந்து, குழாயைத் தொடாத பூட்ஸையும் சுடும். குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்த உடனே இணைப்பைச் சுற்றி மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்தால் துடிக்கும் இடம் தெரியும். கரிக்கோடும் அடையாளம். நசுங்கும் வகைக் கேஸ்கெட்டைக் கழற்றினால் மறுபடி பயன்படுத்தக் கூடாது. புதிதைப் போட்டு, இரண்டு நட்டையும் மாறி மாறிச் சிறிது சிறிதாக, கையேட்டில் உள்ள முறுக்குவிசைக்கு இறுக்க வேண்டும்.

கவசமும் சுற்று நாடாவும்

எங்கள் பரிந்துரையில் முதலிடம் ஹீட் ஷீல்டுக்கு. காக்கும் பொருள் தகடு அல்ல, தகட்டுக்கும் குழாய்க்கும் நடுவில் உள்ள காற்று. 0.8 அல்லது 1 மி.மீ. ஸ்டெயின்லெஸ் தகடு, குழாயிலிருந்து 10 முதல் 12 மி.மீ. இடைவெளி, இரண்டு ஸ்டெயின்லெஸ் கிளாம்ப், கிளாம்புக்கும் தகட்டுக்கும் நடுவில் கண்ணாடியிழை வாஷர், காற்று ஓட மேலும் கீழும் திறந்த விளிம்பு. இவ்வளவுதான். தகடு கிளாம்பை நேரடியாகத் தொட்டால் சூடு கடந்துவந்துவிடும்.

பட்டறையில் அதிகம் கண்ட பிழை, கவசத்தின் இரு முனைகளையும் அசையாமல் இறுக்குவது. 300 மி.மீ. நீளக் குழாய் 350 டிகிரி ஏறினால் ஏறக்குறைய 1.8 மி.மீ. நீளும், தகடு அவ்வளவு சூடாகாது, அவ்வளவு நீளாது. இரண்டு முனையும் பூட்டியிருந்தால் தகடு நெளியும், நாளடைவில் ஓட்டையிலிருந்து கீறல் ஓடும். ஒரு முனையில் ஓட்டையை 3 மி.மீ. நீள்துளையாக்குங்கள். நைலான் வளைய நட்டும் சாதாரணத் திருகுப் பசையும் இங்கே பிடிப்பை இழக்கும். முழு உலோகப் பூட்டு நட்டே சரி. பொருத்தியபின் பிரேக் பெடலை முழுக்க மிதித்தும், வண்டியைச் சாய்த்தும் எங்கும் உரசுகிறதா பாருங்கள்.

குழாயைச் சுற்றிக் கட்டும் வெப்பத்தடுப்பு நாடாவான சுற்று நாடா பற்றி உறுப்பினர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. செயற்குழுவின் கருத்து: அது கடைசி வழி. வெளிச்சூட்டை அது குறைக்கிறது, மறுப்பில்லை. ஆனால் ஈரத்தைப் பிடித்துவைத்து மென்எஃகுக் குழாயை உள்ளுக்குள் துருப்பிடிக்க வைக்கும். குழாய்ச் சுவர் கூடுதல் சூட்டில் வேலை செய்யும். பூட்ஸ் உரசும் இடத்தில் இழை பிய்ந்து தோலில் ஏறும். கன்வெர்ட்டர் மேலும் இரட்டைச் சுவர்க் குழாய் மேலும் சுற்றவே கூடாது.

சுற்றத்தான் வேண்டுமென்றால் அளவு இப்படி. குழாய் விட்டம் 38 மி.மீ., நாடா அகலம் 50 மி.மீ., மேற்படிவு 6 மி.மீ. என்றால் ஒவ்வொரு சுற்றும் 44 மி.மீ. முன்னேறும். 600 மி.மீ. குழாய்க்குச் சுமார் 14 சுற்று, சுற்றுக்கு 127 மி.மீ.; முனை மடிப்பும் சேர்த்து 2 மீட்டர் போதும். கண்ணாடியிழை நாடாவை நீரில் நனைத்துச் சுற்றினால் இழை பறக்காது, இறுகவும் பிடிக்கும். கையுறையும் முகமூடியும் கட்டாயம். கட்டுக் கம்பி ஸ்டெயின்லெஸ், அதன் வெட்டுமுனை காலுக்கு எதிர்ப்புறம். முதல் சில ஓட்டங்களில் புகை வரும், அது இயல்பு.

பூட்ஸில் ஒட்டு

சாக்பொடி காட்டிய இடத்தில் குரோம் பதனிட்ட சொரசொரப்புத் தோலை, வெல்டிங் கையுறைக்குப் பயன்படுவது போன்ற 1.5 மி.மீ. தோலை, சூட்டில் உருகாத அராமிட் இழை நூலால் தைக்கலாம். நைலான் நூல் உருகிவிடும். நீர் புகா பூட்ஸில் ஊசி போட்டால் உள் படலம் ஓட்டையாகும். அதற்குத் தனியாகக் கழற்றிப் போடும் தோல் பட்டையே வழி. அதன் கொக்கி காலின் வெளிப்பக்கம் இருக்க வேண்டும். அலுமினிய நாடாவைப் பூட்ஸில் ஒட்டுவதில் பயனில்லை: தொடாத சூட்டைத் திருப்பும், தொட்டால் சூட்டை நேராக உள்ளே கடத்தும்.

ஒட்டிய ரப்பரை எடுப்பது

குளிர்ந்த குழாயில் மரத் துண்டால் சுரண்டினால் பெரும்பகுதி உதிரும். மிச்சத்துக்கு என்ஜினை இரண்டு மூன்று நிமிடம் ஓட்டி நிறுத்தி, கையுறையோடு இளகிய ரப்பரை மரத்தாலேயே தள்ளுங்கள். குரோம் பூசிய குழாய்க்கு 0000 என்ற மிக நுண்ணிய எஃகுப் பஞ்சு போதும். கறுப்பு பெயிண்ட் அடித்த குழாயில் அது கூடாது. காரமான அடுப்புச் சுத்திகரிப்பான் குரோமில் வேலை செய்யும், ஆனால் அலுமினியத்தை அரிக்கும். என்ஜின் மூடிகளை மறைத்துவிட்டு, முழுக்கக் குளிர்ந்த குழாயில் மட்டும் பயன்படுத்தி, நிறைய நீரால் கழுவுங்கள். பெட்ரோலையோ தின்னரையோ வெதுவெதுப்பான குழாய்க்குப் பக்கத்திலும் கொண்டுபோகாதீர்கள்.

பின்னால் உட்காருபவரை இந்த ஆண்டு போதிய அளவு கவனிக்கவில்லை என்பதைச் செயற்குழு ஒப்புக்கொள்கிறது. அவர் கால் சைலன்ஸருக்கு நேரே வருகிறது. ஃபுட்ரெஸ்ட் எட்டாத சிறுவர்களின் கால் குழாயின்மேலேயே தொங்கும். கால் எட்டாதவரை ஏற்றக் கூடாது என்பதையும், எக்ஸாஸ்ட் இல்லாத பக்கத்திலிருந்தே ஏறி இறங்க வேண்டும் என்பதையும் சங்கப் பயண விதிகளில் சேர்க்கத் தீர்மானம் முன்வைக்கப்படுகிறது. வரும் ஆண்டின் முதல் பட்டறை பின்னிருக்கைக்கான கவசம் பற்றியதாக இருக்கும்.

சங்கத்தின் வெப்பமானி, முறுக்கு ஸ்பேனர், தகடு வளைக்கும் பிடி ஆகியவற்றைப் பதிவேட்டில் கையொப்பமிட்டு எடுத்துச் செல்லலாம். திருப்பித் தரும்போது முறுக்கு ஸ்பேனரை மிகக் குறைந்த அளவுக்குத் தளர்த்தி வையுங்கள். இறுகிய நிலையில் வைத்தால் அதன் வில் தளர்ந்து அளவு தவறும்.

இந்த அறிக்கையையும் மேற்கண்ட தீர்மானத்தையும் பொதுக்குழு ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்