செயலாளர் ஆண்டறிக்கை: 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள், குடும்பத்தினர் அனைவருக்கும் வணக்கம். டோக்கியோவில் இயங்கும் நம் சங்கத்தின் கடந்த ஆண்டுப் பணிகளை உங்கள் முன் வைக்கிறேன்.

தீபாவளி விழாவும் பொங்கல் விழாவும் வழக்கம்போல் எடோகாவா வட்டத்தின் சமூகக் கூடத்தில் நடைபெற்றன. குழந்தைகளுக்கான தமிழ் வகுப்பு மாதம் இருமுறை நடந்துவருகிறது. ஆசிரியைகள் இருவருக்கும் நன்றி. நூலக அலமாரி இடம் மாற்றப்பட்டது. இரவல் போன புத்தகங்கள் பல இன்னும் திரும்பவில்லை. செயற்குழு தேவைப்பட்டபோதெல்லாம் கூடியது. போதிய உறுப்பினர்கள் வராததால் ஒத்திவைக்கப்பட்ட கூட்டங்களும் உண்டு.

இனி ஹனாமி, அதாவது சகுரா (செர்ரி) மலர் பார்க்கக் கூடும் நம் கூட்டம். இந்த ஆண்டு அதிகமான கேள்விகள் வந்தது இதைப் பற்றித்தான் என்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

வரவு செலவைப் பார்த்தவர்கள் முதலில் கேட்டது, "ஒரே ஆண்டில் ஹனாமிச் செலவு எப்படி இரண்டு முறை வந்தது?" என்பதுதான். பதில் எளிது. சங்கத்தின் கணக்காண்டு இந்த நாட்டு வழக்கப்படி ஏப்ரல் 1-ஆம் தேதி தொடங்குகிறது. 2024-இல் டோக்கியோவில் சகுரா பூத்ததாக வானிலை மையம் அறிவித்ததே மார்ச் 29-ஆம் தேதி. முழுமலர்ச்சி ஏப்ரல் 4. ஆகவே நாம் கூடியது ஏப்ரல் 7. மறு ஆண்டு மார்ச் 24-ஆம் தேதியே பூத்து, 30-ஆம் தேதி முழுமலர்ச்சி வந்துவிட்டது. அன்றே ஞாயிற்றுக்கிழமை, அன்றே கூடினோம். இரண்டு ஹனாமியும் ஒரே கணக்காண்டுக்குள் விழுந்தன. செயலாளரும் பொருளாளரும் மனம்போனபடி செலவழித்ததாக யாராவது நினைத்திருந்தால், அந்த எண்ணத்தை இன்றோடு விட்டுவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தேதியை முன்கூட்டியே சொல்லக்கூடாதா என்று கேட்பவர்களுக்கும் ஒரு விளக்கம். நாம் பார்க்கப் போகும் மரங்களில் பெரும்பாலானவை சோமேய்-யோஷினோ வகை. எடோ காலத்தின் இறுதியில், அதாவது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், இன்றைய கோமகோமே பக்கத்துச் சோமேய் கிராமத்துத் தோட்டக்காரர்கள் பரப்பிய இந்த வகையை ஒட்டுக் கட்டித்தான் பெருக்குகிறார்கள். எல்லா மரங்களும் மரபணுவில் ஒன்றே. அதனால் ஒரு வட்டாரத்தில் எல்லாம் சேர்ந்து பூக்கின்றன, சேர்ந்து கொட்டுகின்றன. முழுமலர்ச்சிக்குப் பிறகு ஒரு வாரம் நின்றால் அதிகம். நடுவில் மழையோ காற்றோ வந்தால் அதுவும் இல்லை. யாசுகுனி ஆலயத்தில் உள்ள மாதிரி மரத்தில் ஐந்தாறு பூக்கள் மலர்ந்தால் டோக்கியோவில் சகுரா பூத்துவிட்டது என்று அறிவிக்கிறார்கள். 2023-இல் அந்த அறிவிப்பு மார்ச் 14-ஆம் தேதி வந்தது. மறு ஆண்டு அதைவிடப் பதினைந்து நாள் தள்ளி வந்தது. குளிர்காலம் போதிய அளவு குளிராக இருந்து மொட்டின் உறக்கம் கலைய வேண்டும். பிறகு போதிய வெப்பம் சேர வேண்டும். இரண்டில் எது பிசகினாலும் தேதி நகரும். வானிலை மையம் முன்னறிவிப்புத் தருவதை 2010-இலேயே நிறுத்திவிட்டது. தனியார் நிறுவனங்கள் வாரத்துக்கொரு தேதி சொல்கின்றன. சங்கச் செயலாளர் மட்டும் பிப்ரவரியிலேயே உறுதியாகச் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

இடம் பற்றியும் மனக்குறை இருக்கிறது. சில உறுப்பினர்கள் உவேனோ பூங்காவுக்கே போகலாம் என்றார்கள். அங்கே டிக்கெட் இல்லை, பீர் குடிக்கவும் தடையில்லை. நான் ஷின்ஜுகு கியோஎன் தோட்டத்தை வலியுறுத்தினேன், இன்றும் வலியுறுத்துகிறேன். குழந்தைகளும் ஊரிலிருந்து வந்திருக்கும் பெரியவர்களுமாகப் போகிற குடும்பக் கூட்டம் நம்முடையது. 58 ஹெக்டேர் பரப்பு, விரிந்த புல்வெளி, சுத்தமான கழிப்பறை, நிழல். ஒரு காலத்தில் நைதோ பிரபுக் குடும்பத்தின் நிலமாக இருந்து, 1906-இல் அரச குடும்பத்துத் தோட்டமாகி, போருக்குப் பிறகு 1949-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட இடம். எடோகாவா வட்டத்து நிஷிகசாயில் ரயிலேறி, ஓதேமாச்சியில் மாருனோஉச்சி தடத்துக்கு மாறினால் ஷின்ஜுகு-கியோஎன்மாஏ நிலையத்தில் இறங்கி நடந்தே போய்விடலாம். நுழைவுக் கட்டணம் பெரியவர்களுக்கு 500 யென். 65 வயதானவர்களுக்கும் மாணவர்களுக்கும் பாதி. பதினைந்து வயது வரை இலவசம். இதைப் பெரிய தொகை என்று சொல்வதற்கில்லை.

மது அனுமதி இல்லை என்பதை அழைப்பிதழில் எழுதியிருந்தோம், வாட்ஸ்அப் குழுவிலும் போட்டிருந்தோம். அப்படியிருந்தும் 2024-இல் ஓகிதோ வாயிலில் பையைச் சோதித்தபோது, நம்மவர் ஒருவரின் குளிர்ப்பையில் தயிர் சாதத்துக்கு அடியில் பீர் கேன்கள் வரிசையாக இருந்தன. வாயிலில் நின்ற ஊழியர் கோபப்படவில்லை. குனிந்து வணங்கி, மன்னிப்புக் கேட்டுக்கொண்டே திருப்பி அனுப்பினார். பின்னால் நின்ற குழந்தைகள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சங்கத்தின் பெயரில் ஒரு வாயிலைக் கடக்கும்போது ஒவ்வொருவர் பையும் சங்கத்தின் பைதான்.

மார்ச் 30 ஹனாமியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. சகுரா உச்சத்தில் இருந்த சனி, ஞாயிறுகளில் இந்தத் தோட்டத்துக்கு முன்பதிவு கட்டாயமாக இருந்தது. குழுவில் கட்டைவிரல் காட்டியவர்களை எண்ணி, பொருளாளரும் நானும் கைக்காசைப் போட்டு டிக்கெட் எடுத்தோம். முந்தைய நாள் மழையும் குளிருமாக இருந்தது உண்மைதான். ஆனால் வர இயலாது என்று ஞாயிறு காலை வரை ஒருவரும் சொல்லவில்லை. பத்து மணிக்கு மேல்தான் "சற்றுச் சிரமம்", "குழந்தைக்குச் சளி", "அடுத்த முறை கட்டாயம்" என்று செய்திகள் வரத் தொடங்கின. பாதிப் பேர் வரவில்லை. விடியற்காலை எழுந்து சமைத்த சகோதரிகள் புளியோதரையை அப்படியே தூக்கிக்கொண்டு ரயிலேறினார்கள். வராதவர்களில் சிலர் டிக்கெட் பணத்தை இன்னும் தரவில்லை. பெயர்களை இங்கே வாசிக்கப் போவதில்லை. பொருளாளரிடம் பட்டியல் இருக்கிறது.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன். 2024 ஏப்ரல் 14, ஞாயிற்றுக்கிழமை, சித்திரை முதல் நாள். கூடத்தில் இடம் கிடைக்காததால் புத்தாண்டை எங்கே கொண்டாடுவது என்ற பேச்சு வந்தபோது, மறுபடி கியோஎனுக்கே போகலாம் என்று நான் யோசனை சொன்னேன். "பூவெல்லாம் கொட்டிவிட்டதே, அங்கே என்ன இருக்கிறது?" என்றார்கள். சில குடும்பங்கள் மட்டும் வந்தன. வந்தவர்கள் பார்த்தது இச்சியோ மரங்களை.

இந்தத் தோட்டத்தில் 65-க்கு மேற்பட்ட வகைகளில் ஏறத்தாழ ஆயிரம் சகுரா மரங்கள் உள்ளன. சோமேய்-யோஷினோ கொட்டிய பிறகுதான் அடுக்குப் பூ வகைகளின் காலம். அவற்றில் இச்சியோவே இங்கே பேர்பெற்றது. பூ ஒவ்வொன்றிலும் இருபது இதழுக்கு மேல். மொட்டில் ரோஜா நிறம். விரிய விரிய வெளுத்து, உள்ளே ஏறக்குறைய வெள்ளையாகிவிடுகிறது. ஒரு பூவைக் கிளையோடு தாழ்த்தாமல் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால், நடுவில் சூல்தண்டு இருக்க வேண்டிய இடத்தில் சின்னஞ்சிறு பச்சை இலை ஒன்று நீட்டிக்கொண்டிருப்பது தெரியும். குழந்தைகள் மரத்துக்கு மரம் ஓடி அதைச் சரிபார்த்தார்கள். பக்கத்திலேயே கன்சான் வகை அடர் இளஞ்சிவப்பில், உக்கோன் வகை இளம்பச்சை கலந்த மஞ்சளில். கூட்டம் இல்லை. முன்பதிவு இல்லாமல் வாயிலில் டிக்கெட் எடுத்தே உள்ளே போனோம்.

அந்த மரங்களின் கீழ் மாங்காய்ப் பச்சடியும் வேப்பம்பூப் பச்சடியும் பரிமாறினோம். வேப்பம்பூவை ஓர் உறுப்பினர் வீட்டில் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். கும்பகோணத்திலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருந்த ஓர் அம்மாவிடம் சகுராமோச்சியைக் கொடுத்தோம். உப்பிலிட்ட சகுரா இலையில் சுற்றிய அரிசிப் பலகாரம் அது. இலையைப் பிரித்து வைக்கப் போனவரிடம் அதையும் சேர்த்தே சாப்பிடலாம் என்றதும், ஒரு கடி கடித்து, உள்ளே இருந்த இனிப்பையும் வெளியே இருந்த உப்பையும் நிதானமாக மென்று, "கொழுக்கட்டைக்கு இப்படி ஒரு சட்டையா!" என்றார். அன்று வந்த குழந்தைகள் இன்றும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

ஏப்ரல் நடுவில் இந்தத் தோட்டத்துக்குப் போவது என் சொந்த விருப்பம் என்று சிலர் கருதுகிறார்கள். ஆனால் தோட்டத்தின் வரலாறே அப்படித்தான். 1917 முதல் அரச குடும்பத்தின் சகுரா விருந்து இங்கே நடந்தது. போருக்குப் பின் 1952 முதல் 2019 வரை பிரதமரின் சகுரா விருந்து. கடைசியாக நடந்தது 2019 ஏப்ரல் 13-ஆம் தேதி. அடுக்குச் சகுரா பூக்கும் காலம் அது; நம் சித்திரைப் பிறப்பும் அதே வாரம்தான்.

ஆகவே செயற்குழுவில் நான் வைத்த யோசனையைப் பொதுக்குழுவின் முன்பும் வைக்கிறேன். இனிமேல் சங்கத்தின் ஹனாமியையும் சித்திரைத் திருநாளையும் ஒன்றாக்கி, சித்திரை முதல் நாளை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமை, ஷின்ஜுகு கியோஎனில் நடத்த வேண்டும். தேதி ஓராண்டுக்கு முன்பே தெரியும். செலவு எப்போதும் ஏப்ரலில் வரும். ஒரு கணக்காண்டில் ஒரு முறைதான். மார்ச் கடைசியில் மாற்றலாகிப் போகிறவர்களும் பெட்டி கட்டுகிறவர்களும் ஏப்ரல் நடுவில் நிலைக்கு வந்திருப்பார்கள். ஏப்ரல் 1-ஆம் தேதி வேலையில் சேர்ந்து, யாரையும் அறியாமல் அறைக்குள் இருக்கும் இளைஞர்களுக்கு அதுவே முதல் சந்திப்பாக இருக்கும். சென்ற சில ஆண்டுகளாக ஏப்ரலில் வந்தவர்களை நாம் தீபாவளி வரை கண்டுபிடிப்பதே இல்லை. இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

செயற்குழுவில் இதற்கு எதிர்ப்பு எழவில்லை, ஆதரவும் எழவில்லை. "பார்க்கலாம்" என்று குறிப்பேட்டில் பதிவாகியிருக்கிறது.

வரவு செலவு: சென்ற ஆண்டு கையிருப்புடன் சந்தா, விழா நன்கொடை ஆகியவை வரவு, கூட வாடகை, உணவு, தோட்ட டிக்கெட், தமிழ் வகுப்புப் பொருட்கள் ஆகியவை செலவு. மேற்சொன்ன காரணத்தால் இந்த ஆண்டு செலவு சற்றுக் கூடியது. கையிருப்பு சற்றுக் குறைந்தது. விவரமான அறிக்கையைப் பொருளாளர் வைப்பார். ஆண்டுச் சந்தா செலுத்தாத குடும்பங்கள் செலுத்தியவற்றைவிட அதிகம் என்பதை மட்டும் நான் சொல்லிவிடுகிறேன். விழாவுக்கு வந்து, சாப்பிட்டு, புகைப்படத்தில் முன்வரிசையில் நிற்பவர்களின் பெயரும் அந்தப் பட்டியலில் இருப்பதைப் பார்க்கும்போது கடிதம் எழுதும் கை தயங்குகிறது.

சமையலை ஏற்றுக்கொண்ட சகோதரிகளுக்கும், இரண்டு முறையும் குப்பையைப் பிரித்துக் கட்டி வீட்டுக்கு எடுத்துச் சென்ற இளைஞர்களுக்கும், தணிக்கையாளருக்கும், சமூகக் கூடத்து அலுவலர்களுக்கும், ஆலோசனை வழங்கிய முன்னாள் தலைவர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டைப் பற்றி. செயலாளர் பொறுப்பில் நான் தொடர வேண்டும் என்று தலைவர் கேட்டிருக்கிறார். இளையவர் ஒருவர் முன்வந்தால் மனமுவந்து ஒப்படைத்து, தோட்டத்து வேலையை மட்டும் கூட இருந்து பார்த்துக்கொள்வேன். ஒருவரும் முன்வராவிட்டால் நானே தொடர்கிறேன். ஆனால் கைக்காசைப் போட்டு டிக்கெட் எடுப்பது இனி இயலாது. 2026 சித்திரைப் பிறப்பு செவ்வாய்க்கிழமை வருவதால், ஏப்ரல் 12 ஞாயிறு என்று முன்மொழிகிறேன். வருகிறவர்கள் சந்தாவோடு டிக்கெட் தொகையையும் பிப்ரவரிக்குள் பொருளாளரிடம் கட்டிவிடவும். இன்றே கட்ட விரும்புவோருக்காக வாசலில் மேசை போட்டு ரசீதுப் புத்தகம் வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
செயலாளர்