பள்ளியில் பல் பாதுகாப்பு முகாம்: பெற்றோர் கவனத்திற்கு

பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

வரும் வெள்ளிக்கிழமை (18.07.2025) காலை 10 மணிக்கு, 1 முதல் 5ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளின் பற்களைப் பல் மருத்துவர்கள் நம் பள்ளியிலேயே பரிசோதித்து, சொத்தையைத் தடுக்கும் ஃபுளோரைடு வார்னிஷ் என்ற பூச்சைக் கட்டணமின்றிப் பூசவுள்ளனர். ஆறு வயதையொட்டிக் கடைவாயில் முளைப்பது நிலைப்பல். அது போனால் மீண்டும் முளைக்காது என்பதால், "விழுகிற பல்தானே" என்று இருந்துவிட வேண்டாம். அதன் பள்ளங்களில் சொத்தை விழுமுன் அடைக்கும் சீலன்ட் பூச்சும் தேவைப்படுவோருக்கு அன்றே போடப்படும். ஊசி கிடையாது.

1. ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிட்டு, புதன்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்க்கவும். படிவம் இல்லாத பிள்ளைக்குப் பூச இயலாது.
2. வாய்ப்புண், ஆஸ்துமா, பிளாஸ்திரி ஒவ்வாமை இருப்பின் படிவத்தில் அவசியம் குறிப்பிடவும்.
3. காலையில் பல் துலக்கி அனுப்பவும். பள்ளியில் காலை உணவு முடிந்த பின்னரே பூச்சு நடைபெறும்.
4. அன்று முறுக்கு, கடலை மிட்டாய், சூடான தேநீர் கொடுக்க வேண்டாம். இரவில் பல் துலக்கவும் வேண்டாம். பற்கள் சற்று மஞ்சளாகத் தெரிந்தால் அஞ்ச வேண்டாம், மறுநாள் துலக்கினால் போய்விடும்.

வேலைக்குச் செல்வோர் ஒரு நாள் கூலியை இழந்து வர வேண்டியதில்லை. பள்ளியில் நடத்துவதே அதற்காகத்தான்.

பிள்ளையின் பெயர், வகுப்புடன் "சம்மதம்" அல்லது "வேண்டாம்" என்று செவ்வாய் இரவு 8 மணிக்குள் இங்கே பதிலிடவும்.

தலைவர்,
பள்ளி மேலாண்மைக் குழு