காற்றுச் சத்தம்

அன்புள்ள செந்தில்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? இங்கே மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. தாயும் பிள்ளையும் நலம். ராத்திரி பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு விழித்திருப்பது என் முறை. சத்தத்தைக் குறைத்து வைத்து ஏதாவது கேட்டுக்கொண்டிருப்பேன். அப்படிக் கேட்ட ஒன்றைப் பற்றித்தான் உனக்கு எழுத வேண்டும்.

ஜப்பானிய இசையமைப்பாளர் தொரு தகெமிட்சு எழுதிய 'நவம்பர் ஸ்டெப்ஸ்' என்ற இசைப் படைப்பு. நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு தன் 125ஆம் ஆண்டுக்காகக் கேட்டு வாங்கியது. 1967 நவம்பரில் செய்ஜி ஒசாவா நடத்த, அங்கேயே அரங்கேறியது. பெரிய மேற்கத்திய இசைக்குழு, அதன் முன்னால் இரண்டே பேர். கின்ஷி த்சுருதா பிவா என்ற தந்தி வாத்தியத்தை மீட்டினார், கத்சுயா யோகோயாமா ஷாகுஹாச்சி ஊதினார்.

ஷாகுஹாச்சி மூங்கில் குழல். ஐந்தே துளை. கூடையைக் கவிழ்த்தது போன்ற தொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டு திரிந்த ஃபுகே பிரிவுத் துறவிகளுக்கு அது தியானக் கருவி. ஊதுவதே அவர்களுக்கு ஜென். 1871இல் ஜப்பானின் மெய்ஜி அரசு அந்தப் பிரிவையே ஒழித்தது. குழலும் அதன் பழைய உருப்படிகளும் தப்பிவிட்டன.

இத்தனைக்கும் தகெமிட்சு இளமையில் சொந்த நாட்டு இசையைக் கேட்கவே மறுத்தவர். அதைக் கேட்டால் அவருக்குப் போர்க்காலம் ஞாபகம் வரும். பிறகு புன்ராகு பொம்மலாட்டத்தில் வாசிக்கும் ஷாமிசென் என்ற தந்தி வாத்தியம்தான் அவர் காதைத் திறந்தது. திரும்பி வந்தவர் இரண்டு மரபையும் குழைத்து ஒன்றாக்க முயலவில்லை. அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. முடிவுக்குச் சற்று முன்னால் இசைக்குழு முழுவதும் அடங்கி, இவர்கள் இரண்டு பேர் மட்டும் வெகுநேரம் வாசிக்கிறார்கள். பிவாவின் தந்தி அதிர்ந்து இரைகிறது. அந்த இரைச்சலை 'ஸவரி' என்கிறார்கள், வேண்டுமென்றே வரவழைப்பது. தம்பூராவில் ஜீவா நூல் வைத்துச் சுருதியை ரீங்கரிக்க வைப்போமே, அதற்கு நெருங்கிய உறவு. ஒரு ஸ்வரம் ஒலித்து ஓய்ந்தபின் வரும் இடைவெளிக்கு 'மா' என்று பெயர். அடுத்த ஸ்வரத்துக்காக அல்ல, அந்த இடைவெளிக்காகவே காத்திருந்தேன்.

அப்புறம் அந்த மூச்சு! ஸ்வரத்தை மீறிக் காற்று வெடித்துக் கிளம்புகிறது. அதற்கும் 'முராஇகி' என்று பெயர் வைத்துப் பயில்கிறார்கள். உன் புல்லாங்குழலில் காற்றுச் சத்தம் வருகிறது என்று வாத்தியார் எல்லார் முன்னாலும் திட்ட, நீ குழலைப் பரணில் போட்டாயே, அதுதான் உடனே நினைவுக்கு வந்தது. இன்னும் அங்கேதான் கிடக்கிறதா? எடுத்துத் துடைத்து ஒரே ஒரு ஸ்வரம் ஊதி, பதிவு செய்து அனுப்பு. காற்றுச் சத்தத்தோடே அனுப்பு. பேத்தியும் நானும் ராத்திரி கேட்கிறோம்.

உன்
ரங்கன்