கடையில் இனி பை வைத்துக்கொள்ள மாட்டோம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம்.

கடலூர் திருப்பாப்புலியூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, நம் நாட்டு மருந்துக் கடையில் பையை வைத்துவிட்டு, ஜவுளிக்கும் பாத்திரத்துக்கும் போய்விட்டு வருவது நெல்லிக்குப்பம், பண்ருட்டி, பாகூர் பக்கத்து வாடிக்கையாளர்கள் பலருக்குப் பழக்கம். அப்பா காலத்திலிருந்து நாங்களும் மறுத்ததில்லை. இந்த மாதம் முதல் அதை நிறுத்துகிறோம். பை, பார்சல், "தம்பி வந்து வாங்கிப்பான், கொஞ்ச நேரம் வச்சிருங்கண்ணே" என்று கொடுக்கும் கவர், எதையும் வாங்கி வைக்க மாட்டோம்.

அதோடு, சமீபகாலமாக அடிக்கடி கேட்கப்படும், கஞ்சா சம்பந்தப்பட்ட சில சரக்குகள் ஏன் நம்மிடம் கிடையாது என்பதையும் எழுதிவிடலாம் என்று தோன்றியது. கல்லாவில் நின்றபடி நாலு பேர் முன்னால் விளக்கினால் கேட்டவருக்குச் சங்கடம், எங்களுக்கும் சங்கடம்.

கேட்கிறவர்கள் யாரும் தப்பான ஆட்கள் இல்லை. மூட்டுவலிக்கு போனில் வீடியோ பார்த்துவிட்டு "ஹெம்ப் ஆயில் இருக்கா?" என்று கஞ்சாச் செடியின் விதை எண்ணெய் கேட்டு வரும் அம்மா. காசிக்குப் போய் வந்து "அங்க கடையிலயே பாங் விக்கிறான், இங்க கிடைக்காதா?" என்று கஞ்சா இலைச் சரக்கான பாங்கைக் கேட்கும் ஓய்வுபெற்ற வாத்தியார். மகன் நியூயார்க்கில் இருக்கிறான், அங்கே கஞ்சாவுக்கே கடை இருக்கிறதாமே என்று வியக்கும் பெரியவர். தூக்கம் வரவில்லை, பழைய லேகியம் ஏதாவது கொடுங்கள் என்பவர்கள். இவர்களுக்கு நடுவே பில் இல்லாத 'ஆயுர்வேத சாக்லேட்' மூட்டையோடு ஒரு சேல்ஸ்மேனும் வந்தார். மார்ஜின் டபுள் என்றார். லேபிளில் தயாரிப்பு லைசென்ஸ் நம்பர் எங்கே என்று கேட்டதும் சாம்பிளை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

முதலில் நியூயார்க். பெரியவர் சொன்னது உண்மைதான். அந்த மாநிலத்தில் 2021-இல் சட்டம் மாறியது. லைசென்ஸ் பெற்ற கடை 21 வயது நிரம்பியவருக்குக் கஞ்சா விற்கலாம். அப்படிப்பட்ட முதல் கடை திறந்தது 2022 டிசம்பர் கடைசியில். அதற்குள் லைசென்ஸ் இல்லாத கடைகள் தெருவுக்குத் தெரு முளைத்துவிட்டன. சிகரெட் கடையிலும் மூலைக்கடையிலும் பகிரங்கமாக விற்றார்கள். அதனால் 2023-இல் இன்னொரு சட்டம் கொண்டுவந்தார்கள்: லைசென்ஸ் இல்லாமல் விற்றால் நாளொன்றுக்கு 10,000 டாலர் வரை அபராதம், நிறுத்தச் சொன்ன பிறகும் விற்றால் 20,000 டாலர் வரை. 2024-இல் கடைக்கே பூட்டுப் போடும் அதிகாரமும் கொடுத்தார்கள். நியூயார்க் நகரத்தில் ஏகப்பட்ட கடைகளின் ஷட்டர் அந்த வருஷம் இறங்கியது. ஆக, அந்த நாட்டிலும் "யார் வேண்டுமானாலும் விற்கலாம்" என்று யாரும் சொல்லவில்லை. அங்கே லைசென்ஸ் என்று ஒன்று வாங்க முடியும். வாங்காமல் விற்றால் அபராதம், கடைக்குப் பூட்டு. கடலூரில் எங்களைப் போன்ற கடைக்காரர் கஞ்சா விற்க லைசென்ஸ் கேட்டு மனு போடுவதற்கு ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. தண்டனையும் அபராதத்தோடு நிற்காது.

நம் ஊரில் இதற்கான சட்டம் 1985-இல் வந்த போதைப்பொருள் சட்டம். என்.டி.பி.எஸ். என்று பேப்பரில் போடுவார்களே, அதுதான். அதற்கு முன்னால் கஞ்சாவுக்கு அரசே ஏலம் விட்டு, லைசென்ஸ் கொடுத்து, வரி வாங்கிய காலம் ஒன்று இருந்தது. வெள்ளைக்காரன் 1893-94-இல் ஒரு கமிஷனே போட்டு இதைப் பற்றி ஊர் ஊராக விசாரித்தான். பிறகு 1961-இல் ஐ.நா. உடன்படிக்கை வந்தது. இந்தப் பழக்கத்தை ஒழிக்க அதில் 25 வருஷ அவகாசம் இருந்தது. அது முடியும் தறுவாயில்தான் நம் சட்டம் வந்தது. பழைய லைசென்ஸ் கடை ஞாபகத்தை வைத்துக்கொண்டு "முன்னெல்லாம் வித்தாங்களே" என்று சொல்லும் தாத்தாக்களும் பொய் சொல்லவில்லை.

இந்தச் சட்டத்தின் 20-ஆம் பிரிவுதான் கடைக்காரர்களுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் முக்கியம். எடையைப் பொறுத்து மூன்று படி. கஞ்சா ஒரு கிலோவுக்குக் கீழ் 'சிறிய அளவு'. அதற்கு ஒரு வருஷம் வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2014-க்கு முன்னால் இது ஆறு மாதமாக இருந்தது. ஒரு கிலோவிலிருந்து 20 கிலோ வரை என்றால் பத்து வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். 20 கிலோவுக்கு மேல் 'வணிக அளவு'. குறைந்தது பத்து வருஷம், அதிகபட்சம் இருபது வருஷம், அபராதம் ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சம். வணிக அளவில் மாட்டினால் ஜாமீன் கிடைப்பதும் குதிரைக்கொம்பு. குற்றவாளி அல்ல என்று நம்புவதற்கு நியாயம் இருக்கிறது என நீதிபதிக்கே தோன்ற வேண்டும் என்கிறது 37-ஆம் பிரிவு. செடியின் பிசினான சரஸுக்கு இந்த எல்லைகள் இன்னும் தாழ்வு: 100 கிராமும் ஒரு கிலோவும்.

பலரும் கவனிக்காத ஒன்று: அந்தப் பிரிவில் விற்கிறவர், வாங்குகிறவர், வைத்திருக்கிறவர், எடுத்துச்செல்கிறவர் எல்லாருக்கும் ஒரே தண்டனைதான். "நான் வாங்கினவன்தானே" என்பது அங்கே செல்லாது. விற்ற பணமும் 62-ஆம் பிரிவில் பறிமுதலுக்கு உட்பட்டது.

எடையிலும் ஒரு கண்ணி இருக்கிறது. சட்டத்தின் விளக்கத்திலேயே, கஞ்சா கலந்த எந்தக் கலவையும், அதிலிருந்து செய்த பானமும் கஞ்சா என்றே எழுதியிருக்கிறது. கலவையில் போதைப்பொருள் மட்டும் எவ்வளவு என்று பார்ப்பதா, மொத்த எடையையும் பார்ப்பதா என்று நெடுநாள் வழக்கு நடந்தது. 2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஹீரா சிங் வழக்கில் மொத்த எடையையும்தான் பார்க்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. கருப்பட்டியும் நெய்யும் தேனும் போட்டுக் கிண்டிய இரண்டு கிலோ லேகியத்தில் உள்ளங்கையளவு கஞ்சா இருந்தால் கணக்கு உள்ளங்கை இல்லை, இரண்டு கிலோ. ஒரு வருஷ வழக்கு பத்து வருஷ வழக்காக மாற அது போதும். சாக்லேட் சேல்ஸ்மேன் கொண்டுவந்த மூட்டையை அந்தக் கண்ணோடு பாருங்கள்.

காசி வாத்தியாருக்கு வருவோம். அவர் பார்த்ததும் நிஜம். சட்டத்தில் கஞ்சா என்றால் பூவும் காயும் உள்ள நுனி. அந்த நுனி சேராத தனி இலையும் தனி விதையும் அந்த விளக்கத்துக்கு வெளியே நிற்கின்றன. அதனால்தான் உத்தரப்பிரதேசம், ராஜஸ்தான் போன்ற மாநிலங்கள் இலைக்குத் தனி லைசென்ஸ் கொடுத்து பாங் கடை நடத்த விடுகின்றன. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் அப்படிக் கடை கிடையாது. காசியிலிருந்து பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தால், அதில் இலை மட்டும்தான் இருக்கிறதா, பூவும் கலந்திருக்கிறதா என்று பரிசோதனைக்கூடம் சொல்லும்வரை யார் உள்ளே இருப்பது? எங்கள் அபிப்பிராயம், பிரசாதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

புதுச்சேரி என்றதும் சிலர் கண்ணில் ஒரு மின்னல் அடிப்பதைக் கவனித்திருக்கிறோம். எல்லையில் முள்ளோடை தாண்டினால் பாட்டில் விலை இறங்குகிறது, ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் வண்டியைத் திறந்து பார்க்கிறார்கள், இதெல்லாம் நமக்குப் பழகிப்போன விஷயம். மதுவுக்கு வரி போடுவதும் விதி போடுவதும் அந்தந்த அரசு. அதனால் எல்லை தாண்டினால் கணக்கு மாறுகிறது. கஞ்சாவுக்கு அப்படி இல்லை. 1985 சட்டம் மத்தியச் சட்டம். கடலூர், பாகூர், பாண்டி ஒயிட் டவுன், காரைக்கால் எங்கும் அதே 20-ஆம் பிரிவு, அதே ஒரு கிலோ, அதே இருபது கிலோ. வெளிநாட்டுக்காரர்கள் நடமாடும் ஊர் என்பதால் அங்கே கண்டுகொள்ள மாட்டார்கள் என்று பையன்கள் பேசிக்கொள்வது காதில் விழுகிறது. அந்த நம்பிக்கைக்குச் சட்டத்தில் ஒரு வரிகூட ஆதாரமில்லை. தமிழ்நாட்டுப் பக்கம் இன்னொன்றும் உண்டு. குண்டர் சட்டம் என்று நாம் சொல்லும் 1982-ஆம் வருஷச் சட்டத்தில் போதைப்பொருள் குற்றவாளிகளும் அடக்கம். அதில் போட்டால் விசாரணைக்கு முன்பே ஒரு வருஷம் வரை உள்ளே வைக்கலாம்.

பிள்ளைகள் சம்பந்தப்பட்டால் வேறு சட்டமும் சேர்ந்துகொள்ளும். 18 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு டாக்டர் சொல்லாமல் போதைப்பொருள் கொடுத்தாலும், அவரை வைத்து விற்கவோ எடுத்துப்போகவோ செய்தாலும், 2015-ஆம் வருஷ இளஞ்சிறார் நீதிச் சட்டத்தில் ஏழு வருஷம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். "இந்தக் கவரைக் கொண்டுபோய் அந்த அண்ணன்கிட்ட குடுத்துட்டு வா" என்று ஸ்கூல் பையனுக்கு ஐம்பது ரூபாய் கொடுக்கிறவன் இதற்குள் வருகிறான். உங்கள் வீட்டுப் பையன் கையில் யாராவது அப்படிக் கவர் கொடுத்தால் விஷயம் சாதாரணமில்லை.

சரி, பைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? 25-ஆம் பிரிவு. தன் கட்டடமோ அறையோ வண்டியோ இந்தக் குற்றத்துக்குப் பயன்படுவதைத் தெரிந்தே அனுமதிக்கிறவருக்கு, குற்றம் செய்தவருக்கு உள்ள அதே தண்டனை. 'தெரிந்தே' என்ற சொல் இருக்கிறதே என்று ஆறுதல்பட்டுக்கொள்ளலாம். ஆனால் 35-ஆம் பிரிவும் 54-ஆம் பிரிவும் அந்த ஆறுதலைப் பாதியாக்கிவிடுகின்றன. பொருள் உன்னிடம் இருந்து அதற்குக் கணக்குச் சொல்ல முடியாவிட்டால், உனக்குத் தெரியும் என்று கோர்ட் எடுத்துக்கொள்ளலாம். தெரியாது என்று நிரூபிக்கும் பாரம் நம் தலையில். ஜிப் போட்ட பை ஒன்று என் பெஞ்சுக்கு அடியில், என் கடையில், என் கேமராவில் பதிவாகி இருக்கும்போது, அதை வைத்துவிட்டுப் போனவர் போனை எடுக்காவிட்டால் நான் யாரிடம் போய் என்ன சொல்வேன்? பஸ் ஸ்டாண்டை ஒட்டின கடைக்கு இது கற்பனை பயம் இல்லை. முகம் தெரிந்தவருக்கு வைப்போம், தெரியாதவருக்கு மறுப்போம் என்றால் தினமும் சண்டைதான். அதனால் எல்லாருக்கும் ஒரே பதில். வருத்தத்தோடுதான் சொல்கிறோம். ஆனால் மாற்ற மாட்டோம்.

இனி, எது கிடைக்கும் என்ற பேச்சு.

சணல்விதை, அதாவது கஞ்சாச் செடியின் விதை, அதன் எண்ணெய், மாவு, இவற்றை உணவாக விற்க 2021 நவம்பரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி போட்டது. விதையில் டி.எச்.சி. என்ற போதைச் சத்து கிலோவுக்கு 5 மில்லிகிராம், எண்ணெயில் 10 மில்லிகிராம் தாண்டக் கூடாது. முளைக்காத விதையாக இருக்க வேண்டும். போதை தரும் என்ற தோரணையில் லேபிளும் இருக்கக் கூடாது. 14 இலக்க உணவு லைசென்ஸ் நம்பர் இருக்கும் பாக்கெட் வேண்டுமென்றால் ஆர்டரின் பேரில் வரவழைத்துத் தருவோம், பில்லோடு. நேராகச் சொல்லிவிடுகிறோம்: விலை எள்ளைப்போல் பல மடங்கு, மூட்டுவலிக்கு அது மருந்து என்று நாங்கள் சொல்லத் தயாராக இல்லை. பிண்டத் தைலம் தேய்த்துப் பார்த்துவிட்டு, கேட்காவிட்டால் டாக்டரைப் பாருங்கள்.

சித்த, ஆயுர்வேத மருந்தில் கஞ்சா சேர்வது பழைய வழக்கம்தான், ஒளிக்கத் தேவையில்லை. 1940-ஆம் வருஷ மருந்துச் சட்டத்தின் விதிகளில் ஈ-1 என்ற நச்சுப் பொருள் அட்டவணையில் அதுவும் இருக்கிறது. லைசென்ஸ் உள்ள கம்பெனி அப்படிப்பட்ட மருந்தைச் செய்யலாம். உள்ளுக்குச் சாப்பிடுகிறதாக இருந்தால் மருத்துவர் மேற்பார்வையில் சாப்பிட வேண்டும் என்ற எச்சரிக்கை லேபிளில் இருக்க வேண்டும். எங்களிடம் அந்த வகை எதுவும் இருப்பில் இல்லை, வைக்கவும் மாட்டோம். சித்த மருத்துவர் எழுதிக் கொடுத்தால் எங்கே கிடைக்கும் என்று அவரே சொல்வார். வீட்டில் கிண்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் மேலே எழுதிய இரண்டு கிலோ கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். தூக்கத்துக்கு அமுக்கரா சூரணம், சாதிக்காய், கசகசா வழக்கம்போல் உண்டு.

கசகசா என்றதும் ஒரு வார்த்தை. அது அபினிச் செடியின் விதை என்பதால் சிலர் பயப்படுகிறார்கள். இங்கே குருமாவுக்கு வாங்க எந்தத் தடையும் இல்லை. ஆனால் துபாய், சவூதி போகும் பிள்ளைகளுக்கு மசாலாப் பொட்டலம் கட்டும்போது அதில் ஒரு ஸ்பூன்கூடக் கசகசா வேண்டாம். அந்த நாடுகளில் அது தடைசெய்யப்பட்ட சரக்கு. வெளிநாட்டுப் பார்சல் என்று சொன்னால் நாங்களே கசகசா இல்லாத மசாலா அரைத்துத் தருகிறோம்.

வீட்டில் யாராவது இந்தப் பழக்கத்தில் சிக்கியிருந்தால், எங்களிடம் ரகசியமாக மாற்று மருந்து கேட்காதீர்கள். 14446 என்ற இலவச எண்ணில் மறுவாழ்வு ஆலோசனை கிடைக்கும். தானாகவே சிகிச்சைக்கு வருகிறவர், சிறிய அளவோ சொந்த உபயோகமோ சம்பந்தப்பட்ட வழக்கில் விலக்குக் கேட்க 64-ஏ பிரிவில் வழி இருக்கிறது. வக்கீலிடம் சொல்லுங்கள். விற்பனை நடப்பது தெரிந்து தகவல் கொடுக்க வேண்டுமானால் 1933.

கடைசியாக, ஏற்கெனவே வைத்துவிட்டு மறந்துபோன பைகள் சில பெஞ்சுக்கு அடியில் இருக்கின்றன. ஒரு நீலக் கட்டைப்பை, ஒரு டிராவல் பேக், தைக்கக் கொடுக்க வந்த ஜாக்கெட் துணிகள் உள்ள மஞ்சப்பை. உரியவர்கள் இந்த மாதக் கடைசிக்குள் வந்து, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லி, எங்கள் முன்னால் திறந்து காட்டி எடுத்துப்போங்கள். அதற்குப் பிறகும் இருப்பவற்றைப் பக்கத்துக் கடைக்காரர்கள் இருவரை வைத்துக்கொண்டு கேமரா முன்னால் திறப்போம். ஞாயிறு மதியம் கடை இருக்காது.

இப்படிக்கு,
உங்கள் நாட்டு மருந்துக் கடையார்
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்