ஆண்டறிக்கை: பாலிஷ் பண்ணியே போன வருஷம்

தலைவருக்கும் கமிட்டிக்கும் வந்திருக்கிற எல்லாருக்கும் வணக்கம். உலோகத்த வெட்டி, தேய்ச்சு, மைக்ரோஸ்கோப்ல பார்க்கிற நம்ம சங்கத்தோட செயலாளர்ங்கிற முறையில இந்த வருஷ அறிக்கைய வாசிக்கிறேன், கொஞ்சம் நீளமா போனா பொறுத்துக்கோங்க.

உறுப்பினர்கள் போன வருஷத்த விட கூடியிருக்காங்க, புதுசா வந்தவங்கள்ல ஃபவுண்டரி ஆளுங்களும் இருக்காங்க, காலேஜ் ப்ராஜெக்ட் பண்ற பசங்களும் இருக்காங்க. மாசாந்திர கூட்டம் ஒழுங்கா நடந்துச்சு. கணக்கு வழக்க பொருளாளர் தனியா வாசிப்பாரு.

சாம்பிள் தயாரிக்கிறதுலயே வருஷம் போயிடுச்சேன்னு சில பேருக்கு மனக்குறை, எஸ்ஈஎம் (எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்) பக்கம் எப்ப போவோம்னு கூட்டத்துக்கு கூட்டம் கேட்டாங்க. கமிட்டி வேணும்னேதான் அப்படி வச்சுது. நம்ம வெட்டும்போதும் தேய்க்கும்போதும் உண்டாக்கினத உலோகத்தோட ஸ்ட்ரக்சர்னு நம்பிட்டோம்னா, அப்புறம் எவ்வளவு பெரிய மெஷின்ல வச்சாலும் அதே தப்பு இன்னும் பெருசா தெரியும், அவ்வளவுதான்.

முதல் சில கூட்டம் ஸ்டீல். கூலன்ட் சரியா விடாம கட்டிங் வீல்ல வெட்டின ஒரு பீஸ எடுத்துட்டு வந்தாங்க, ஓரத்துல மார்டன்சைட் (சூடாக்கி சட்டுனு குளிர வச்சா வர்ற கடினமான ஸ்ட்ரக்சர்) மாதிரி தெரியுது, ஹீட் ட்ரீட்மென்ட் தப்புன்னு ஒரே சண்டை, கடைசில இன்னும் கொஞ்சம் உள்ள தேய்ச்சு எட்ச் பண்ணி (ஆசிட் தடவி ஸ்ட்ரக்சர வெளிய கொண்டு வந்து) பார்த்தா சாதாரண ஸ்டீல்ல இருக்கிற ஃபெரைட்டும் பியர்லைட்டும் தான். வெட்டுற சூடு பண்ணின வேலை அது. ஹாட் மவுன்டிங்கும் (சாம்பிள சூட்டுல பிளாஸ்டிக்குக்குள்ள பதிக்கிறது) அப்படித்தான், ஃபீனாலிக் பவுடர் 150 டிகிரிக்கு மேல போகும், ஏஜிங் ஆகிற (சூட்டுல வச்சா ஹார்ட்னஸ் மாறுற) அலுமினியம் அலாய அதுல போட்டா நீங்க பார்க்க வந்த கண்டிஷனே மாறிடலாம், ஹார்ட்னஸ் ரீடிங் எடுக்கப் போறீங்கன்னா கோல்டு மவுன்ட் பண்ணிடுங்க.

அலாய்ல இருந்து காம்போசிட்டுக்கு வந்ததும்தான் கூட்டம் களை கட்டுச்சு. அலுமினியம் மேட்ரிக்ஸ்ல (துகளப் பிடிச்சு வச்சிருக்கிற உலோகம்) சிலிக்கான் கார்பைடு துகள் போட்ட ஸ்டிர் காஸ்டிங் சாம்பிள், அதாவது உருகின உலோகத்துல துகளப் போட்டுக் கலக்கி வார்த்தது. மேட்ரிக்ஸ் மெத்துனு, துகள் கல்லு மாதிரி, ரெண்டையும் ஒரே தளத்துல தேய்ச்சு கொண்டு வரணும். எல்லாரும் பழக்கதோஷத்துல சிலிக்கான் கார்பைடு பேப்பர எடுத்தாங்க. பேப்பர்ல இருக்கிற தூளும் உள்ள இருக்கிற துகளும் ஒரே சரக்கு! பேப்பர் சீக்கிரம் மொட்டையாகுது, அதுல இருந்து உதிர்ற தூள் மெத்தான அலுமினியத்துல போய் குத்திக்குது, அதையும் சேர்த்து ரீஇன்ஃபோர்ஸ்மென்ட்னு (பலத்துக்காக சேர்த்த துகள்னு) எண்ணிடுறோம். ஈடிஎஸ் (எந்த தனிமம் இருக்குன்னு எக்ஸ்ரே வச்சு சொல்ற கருவி) வச்சாலும் அது சிலிக்கானும் கார்பனும்னுதான் சொல்லுமே தவிர எங்கிருந்து வந்துச்சுன்னு சொல்லாது. அதனால சீக்கிரமே டயமண்டுக்கு மாறுங்க, துணியும் ரொம்ப மெத்துனு வேண்டாம், துகள் மட்டும் மேடா நிக்கும்.

இன்னொன்னு தண்ணி. உருகின அலுமினியம் சிலிக்கான் கார்பைடோட ரியாக்ட் ஆனா துகள் ஓரத்துல அலுமினியம் கார்பைடு உண்டாகும், மேட்ரிக்ஸ்ல சிலிக்கான் கம்மியா இருந்தா, உருகின அலுமினியம் அதிக சூட்டுல ரொம்ப நேரம் நின்னா இன்னும் மோசம். அந்த கார்பைடு தண்ணி பட்டா சிதைஞ்சு மீத்தேனும் ஹைட்ராக்சைடுமா போயிடும். தண்ணி விட்டு பாலிஷ் பண்ணினா அது இருந்த இடத்துல குழிதான் மிஞ்சும், நம்ம பாட்டுக்கு போராசிட்டின்னு (வார்ப்புல விழுந்த ஓட்டைன்னு) எழுதிட்டு காஸ்டிங் போட்டவர திட்டுவோம். இதுல காஸ்டிங்காரருக்கு பொறுப்பே இல்லன்னு சொல்ல வரல, ஆனா வாயு பிரச்சனையும் இன்டர்ஃபேஸ் (துகளும் உலோகமும் சேர்ற இடம்) பிரச்சனையும் வேற வேற, மருந்தும் வேற. சந்தேகம் இருந்தா கடைசி ஸ்டேஜாவது தண்ணி இல்லாத லூப்ரிகன்ட்ல பண்ணி ஆல்கஹால்ல கழுவுங்க. எக்ஸ்ஆர்டில (எந்த ஃபேஸ் இருக்குன்னு எக்ஸ்ரே வச்சு பார்க்கிற சோதனை) கார்பைடு பீக் வரலங்கிறத வச்சு முடிவு பண்ணாதீங்க, கொஞ்சூண்டு இருக்கிற ஃபேஸ் அதுல சிக்காம போகலாம்.

போராசிட்டிய உறுதி பண்ண டென்சிட்டியும் பாருங்க. ஒரு கன சென்டிமீட்டருக்கு அலுமினியம் 2.70 கிராம், சிலிக்கான் கார்பைடு 3.21, வால்யூம்ல 20 சதம் துகள்னா கணக்குப்படி 2.80 வரணும். ஆர்க்கிமிடிஸ் முறையில (காத்துலயும் தண்ணிலயும் எடை போட்டு) அளந்தா அதுக்கு கீழ வந்துச்சுன்னா ஓட்டை இருக்கு, இல்ல நீங்க போட்ட துகள் முழுசா உள்ள போகல. ரெண்டுல எதுன்னு பார்க்க திரும்ப மைக்ரோஸ்கோப்புக்குதான் வரணும்.

துகள் எண்ணுறதுல வந்த தகராற பதிவு பண்ணியே ஆகணும். ஒருத்தர் சாஃப்ட்வேர்ல த்ரெஷோல்டு போட்டு (இவ்வளவு கருப்பா இருந்தா துகள்னு எல்லை வச்சு) ஒரு நம்பர் சொல்றாரு, இன்னொரு அண்ணன் கிரிட் போட்டு கையாலயே புள்ளி எண்ணி வேற நம்பர் சொல்றாரு. 100 புள்ளில 20 புள்ளி துகள் மேல விழுந்தா வால்யூம்லயும் 20 சதம், எல்லைக்கோட்டு மேல விழுந்தா அரை, இப்படி எண்ணுறதுக்கான ஸ்டாண்டர்டு ஏஎஸ்டிஎம் ஈ562 சொல்றது இதான். சாஃப்ட்வேர் நிழலையும் குழியையும் சேர்த்து கருப்புன்னு எண்ணியிருந்துச்சு, அண்ணன் அழகா இருக்கிற ஃபீல்டா (மைக்ரோஸ்கோப்ல ஒரு தடவைல தெரியிற பகுதி) பார்த்து எண்ணியிருந்தாரு. உறையும்போது டென்ட்ரைட் (மரக்கிளை மாதிரி வளர்ற படிகம்) துகள்கள ஓரம் தள்ளிடுறதால இந்த மாதிரி காஸ்டிங்ல துகள் கும்பல் கும்பலாதான் கிடக்கும், ஃபீல்ட கண்ண மூடிட்டு எடுக்கலன்னா எந்த முறையும் உதவாது. பரப்புல பார்த்த விகிதம்தான் வால்யூம் விகிதம்னு 1847ல சொன்ன டெலெஸ் ஒரு பாறை ஆராய்ச்சிக்காரர். 1860கள்ல ஷெஃபீல்டுல ஸ்டீல பாலிஷ் பண்ணி எட்ச் பண்ணி பார்த்த சோர்பியும் கல்லுல ஆரம்பிச்சவர்தான். நம்ம தொழிலுக்கு அஸ்திவாரம் போட்டது ரெண்டு கல்லுக்காரங்க, உலோகக்காரங்க இத கேட்டா முகம் சுளிக்கிறாங்க.

பாதுகாப்பு. அலுமினியத்த எட்ச் பண்ற கெல்லர் கரைசல்ல ஹைட்ரோஃப்ளூரிக் ஆசிட் கொஞ்சம்தான் இருக்குன்னு கிளவுஸ் இல்லாம தொடுறத நேர்லயே பார்த்தேன். அது பட்ட உடனே வலிக்காது, தோல தாண்டி உள்ள போய் கால்சியத்த பிடிக்கும். இனிமே கால்சியம் குளூக்கோனேட் ஜெல் மேஜை மேல இல்லன்னா கெல்லர் பாட்டில் வெளிய வராதுன்னு கமிட்டி தீர்மானம் போட்டிருக்கு. நைட்டால் (ஸ்டீல எட்ச் பண்ற நைட்ரிக் ஆசிட்-ஆல்கஹால் கரைசல்) அப்பப்ப புதுசா கலக்கணும், ஸ்ட்ராங்கா கலந்து இறுக்கி மூடி அலமாரில வைக்கிற வேலையே வேண்டாம்.

அடுத்த வருஷம் எஸ்ஈஎம் உண்டு, ஈபிஎஸ்டியும் (படிகம் எந்த திசைல இருக்குன்னு எஸ்ஈஎம்ல பார்க்கிற முறை) எடுக்கலாம்னு இருக்கோம், கொலாய்டல் சிலிக்கால கடைசி பாலிஷ் முடிச்சு கமிட்டிக்கிட்ட மைக்ரோஸ்கோப்ல காட்டினவங்க சாம்பிள் மட்டும்தான் வரிசைல சேரும். பேர் குடுக்கிறவங்க இன்னிக்கே குடுத்திடுங்க. லைப்ரரில இருந்து எட்சன்ட் கையேடு யார் எடுத்துட்டு போனீங்களோ திருப்பி வச்சிடுங்க. அடுத்து பொருளாளர்.